பச்சை என்று சொன்னவன்

அமாரா நகரத்துத் துணைமின் நிலையத்தில் முந்திர் ஒன்பது வருடம் தினக்கூலியாக இருந்தான். மின்மாற்றிகளுக்கு நடுவே ஜல்லியைப் பிளந்துகொண்டு வரும் முள்செடிகளைப் பிடுங்குவான், புழுதிப்புயல் ஓய்ந்த மறுநாள் பீங்கான் இன்சுலேட்டர்களைக் கழுவுகிறவர்களுக்குத் தண்ணீர் இழுத்துக் கொடுப்பான். முப்பத்து நான்கு வயதில் அவனுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. நிலையத்துக் கருவிகளைப் பராமரிக்க ஆறு மாதப் பயிற்சி, முடித்தால் நிரந்தர வேலை. பன்னிரண்டு பேரைச் சேர்த்தார்கள். அந்தப் பன்னிரண்டில் நானும் ஒருவன். நான் பார்த்ததையும், பின்னாளில் அவனே வாய்விட்டுச் சொன்னதையும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

அவனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். இது அவன் மனைவி இல்ஹாமைத் தவிர யாருக்கும் தெரியாது. அவளுக்கும் கல்யாணமான புதிதில், சந்தையிலிருந்து ஒரு பை நிறையக் காய்த் தக்காளியை அவன் பழமென்று வாங்கி வந்தபோதுதான் தெரிந்தது. அப்புறம் தக்காளியை அவளே வாங்கிக்கொண்டாள்.

பயிற்சிக்கு முன்னால் மருத்துவப் பரிசோதனை. புள்ளி புள்ளியாக அச்சடித்த அட்டைகளைக் காட்டி, அதில் என்ன எண் தெரிகிறது என்று கேட்பார்கள். முந்திருக்கு முன்னால் நின்றவன் ஃபலாஹ். மீட்டர் ரீடராகத் தெருத்தெருவாக அலைந்தவன், தொண்டை பெரிசு. பன்னிரண்டு, எட்டு, ஆறு, இருபத்தொன்பது என்று அவன் ஏலம் போடுகிற மாதிரி கத்திச் சொன்னான். முந்திருக்கு எதைக் கேட்டாலும் மறக்காது. அவன் முறை வந்தபோது அட்டையைப் பார்க்காமலே அதே வரிசையில் ஒப்பித்துவிட்டான். டாக்டர் முத்திரை குத்தினார்.

பயிற்சியில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. எங்களுக்குப் பாடம் எடுத்தவர் பொறியாளர் ஷதா. ஐம்பது வயது, கையில் எப்போதும் ஒரு டார்ச், கோபம் வந்தால் குரல் தணிந்துபோகும். பெண்களை மரியாதையாக அழைக்கும் முறையில் ஸித்த் ஷதா என்று கூப்பிடுவோம். எந்த வேலைக்கு முன்னால் எதை நிறுத்த வேண்டும், எதைத் தரையோடு இணைக்க வேண்டும் என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் முந்திர் சொல்லிவிடுவான். ஒயர்களை அவற்றின் மேலிருக்கும் எழுத்தை வைத்துப் பிரித்தான். பேனலில் விளக்குகளை அவை இருக்கும் இடத்தை வைத்துப் படித்தான். மின்சாரம் ஓடினால் சிவப்பு எரியும், நின்றுவிட்டால் பச்சை. எங்கள் நிலையத்தில் பச்சை எப்போதும் இடது பக்கம். இடது எரிந்தால் நின்றிருக்கிறது. அவனுக்கு அது போதுமாயிருந்தது.

ஜூலை மாதம் ஒரு நண்பகல். நகரத்துக்கு மின்சாரம் கொண்டுபோகும் மூன்றாம் ஃபீடரை நிறுத்திக் காட்டச் சொன்னார் ஷதா. ஒவ்வொரு தடவையும் இருவர். முந்திர் உள்ளே பேனல் முன்னால், ஃபலாஹ் வெளியே முற்றத்தில், கையால் சுற்றித் திறக்கும் சுவிட்சின் பிடியருகில். முதலில், மின் ஓட்டத்தைத் துண்டிக்கும் பிரேக்கரை நிறுத்த வேண்டும். நின்றது உறுதியான பிறகுதான் அந்தப் பிடியைத் தொடலாம். மின்சாரம் ஓடும்போது அதைத் திறந்தால் தீ பாயும். தடுப்பதற்கு இருந்த பூட்டு எந்தக் காலத்திலோ துருப்பிடித்துக் கழன்றுபோயிருந்தது.

பணியிலிருந்த ஆபரேட்டர் பொத்தானை அழுத்திவிட்டு, தலைமை அறையிலிருந்து வந்த போனை எடுக்கத் திரும்பிக்கொண்டார். பிரேக்கர் அசையவில்லை, உள்ளே எங்கோ சிக்கிக்கொண்டது. பேனலில் இடது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூன்றாம் பேனல் மட்டும் இரண்டு வருடம் முன்பு எரிந்துபோய்ப் புதிதாக மாட்டியது. அதில் சிவப்புதான் இடது பக்கம்.

முந்திர் கதவருகே வந்து கத்தினான். “பச்சை. திற, ஃபலாஹ்.”

ஃபலாஹ் பிடியைச் சுற்றினான். முற்றத்துக் கடைசியில் ஷதாவோடு நின்றிருந்த நாங்கள் நீல வெளிச்சத்தைத்தான் பார்த்தோம். சத்தம் அதற்கப்புறம் வந்தது. நாங்கள் ஓடிப் போனபோது ஃபலாஹ் ஜல்லியில் உட்கார்ந்திருந்தான். இரண்டு புருவமும் கருகியிருந்தன, இடது மணிக்கட்டில் தோல் உரிந்து தொங்கியது. நகரத்தில் பாதிக்கு மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. அந்த வெயிலில் வாசலில் கூட்டம் கூடி எங்களைத் திட்டியது.

மறுநாள் விசாரணை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர், எதிரில் முந்திரும் ஃபலாஹும், சுவரோரம் நாங்கள். பச்சை என்று சொன்னது நீதானா என்று முந்திரைக் கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்ததாக அவன் பின்னால் என்னிடம் சொன்னான். ஆமாம் என்றால் அடுத்த கேள்வி, சிவப்பு எரியும்போது எப்படிச் சொன்னாய் என்பது. அதற்கடுத்து அட்டைகள், டாக்டர், முத்திரை.

“நான் எதுவும் சொல்லலை,” என்றான் முந்திர். “பாத்துக்கிட்டுதான் நின்னேன். அதுக்குள்ள அவன் திறந்துட்டான்.”

ஃபலாஹ் கட்டுப்போட்ட கையோடு அவன் பக்கம் திரும்பினான். கோபம் இல்லை, திகைப்புதான். “கதவுகிட்ட வந்து கூப்பிட்ட மாதிரி இருந்துச்சே, அபூ துஹா?”

முந்திரின் மூத்த மகள் பெயர் துஹா; அபூ துஹா என்றால் துஹாவின் அப்பா. அந்தப் பெயரை வைத்து அவனைக் கூப்பிடுகிறவர்கள் அவனுக்கு நெருக்கமானவர்கள் மட்டும்தான். முந்திர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். போனில் பேசிக்கொண்டிருந்த ஆபரேட்டருக்கு ஒன்றும் கேட்கவில்லை. எங்களுக்கும் மின்மாற்றியின் இரைச்சலில் கேட்கவில்லை. அந்த இரைச்சலில் ஏதோ சத்தத்தைக் குரல் என்று நினைத்திருப்பாயோ என்று மேசையிலிருந்த ஒருவர் ஃபலாஹைக் கேட்டார்.

ஃபலாஹ் வெகுநேரம் யோசித்தான். கடைசியில், “இருக்கலாம் ஐயா,” என்றான்.

அந்தச் சொல்தான் தன்னைக் கொன்றது என்பான் முந்திர். ஃபலாஹ் சண்டை போட்டிருந்தால், பொய் சொல்கிறாய் என்று சட்டையைப் பிடித்திருந்தால், தாங்கியிருப்பானாம்.

ஃபலாஹைப் பயிற்சியிலிருந்து நீக்கி, பழையபடி மீட்டர் படிக்க அனுப்பிவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து முந்திர் அவனைப் பார்க்கப் போனான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனானாம். எருமைப்பால் ஏட்டையும் சூடான ரொட்டியையும் முன்னால் வைத்து, தின்னு தின்னு என்று வற்புறுத்தினான் ஃபலாஹ். அதற்கு மேல் மன்னிப்பும் கேட்டான். தன் அவசரத்தால் முந்திரின் வேலைக்கும் ஆபத்து வரப் பார்த்ததே என்று. இப்போதெல்லாம் தன் காதை நம்பவே முடியவில்லை, வீட்டில் மனைவி கூப்பிட்டால்கூட, கூப்பிட்டாயா என்று எழுந்துபோய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிச் சிரித்தான். முந்திர் ரொட்டியைத் தட்டிலேயே வைத்தான். சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டான்.

வீட்டில் இல்ஹாமிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாளாம்.

“உனக்கு நிறம் தெரியாததை நான் பத்து வருஷமா மூடி வெச்சேன், அதுல எனக்கு ஒண்ணுமில்ல,” என்றாள். “இதை மூடச் சொல்லாத. ஃபலாஹ் பொண்டாட்டி முகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

அதற்குப் பிறகும் பதினொரு நாள் அவன் பயிற்சிக்கு வந்தான். முதல் மதிப்பெண் வாங்கினான். ஷதா எங்கள் முன்னால் அவனைப் பாராட்டும்போது காது மடல் சிவக்க நிற்பான். அடக்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

பன்னிரண்டாம் நாள், மின்மாற்றி மூச்சு விடும் குடுவையைக் காட்டினார் ஷதா. எண்ணெய்க்குள் ஈரம் போகாமலிருக்கக் கண்ணாடிக் குடுவையில் மணிகள் நிரப்பியிருக்கும். உலர்ந்திருந்தால் ஆரஞ்சு, ஈரம் குடித்துவிட்டால் பச்சை. மாற்ற வேண்டுமா என்று முந்திரிடம் கேட்டார். முந்திர் குடுவையைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவனுக்குத் தெரியவில்லை என்று நினைத்து, பின்னாலிருந்து நான்தான் மெதுவாகச் சொன்னேன். “பச்சை, மாத்தணும்னு சொல்லு.”

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ஷதாவைப் பார்த்தான்.

“எனக்கு நிறம் தெரியாது ஸித்த்,” என்றான். “ஃபலாஹ் காதுல சரியாத்தான் விழுந்துச்சு. பச்சைன்னு கத்தினது நான்தான்.”

ஷதா டார்ச்சை அணைத்தார். பின்னால் நின்ற எனக்கே அரைகுறையாகத்தான் கேட்கும் அளவுக்குத் தணிந்த குரலில், உள்ளே போய் எழுதிக் கொடு என்றார். அவன் நான்கு பக்கம் எழுதினான். மருத்துவப் பரிசோதனையையும் விடவில்லை. வீட்டுக்குப் போகும்போது எங்களில் ஒருத்தரும் அவனோடு வாசல் வரைகூட நடக்கவில்லை. நானும் நடக்கவில்லை. அது எனக்கு இப்போதும் உறுத்துகிறது.

ஃபலாஹை அடுத்த பயிற்சியில் சேர்த்துக்கொண்டார்கள். முந்திரை வேலையை விட்டே அனுப்பத்தான் இருந்தார்கள். ஷதா பிடிவாதமாக நின்று, அதே நிலையத்தில் பேட்டரி அறையில் போட்டார். அங்கே அமிலத்தின் அடர்த்தியும் வோல்டேஜும்தான், எல்லாம் எண்கள். நிரந்தர வேலை கிடைக்கவில்லை. இன்றும் கூலிதான்.

பயிற்சி முடித்து ஃபலாஹ் எங்கள் நிலையத்துக்கே வந்தான். முதல் நாளே பேட்டரி அறைக்குப் போனான். கைகலப்பாகிவிடுமோ என்று நானும் பின்னாலேயே போனேன். முந்திர் எழுந்து நின்றான். கண் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தான்.

“கண்ணு உன் தப்பில்ல,” என்றான் ஃபலாஹ். “கை வெந்ததும் போகட்டும். என் காதை நானே நம்பாத மாதிரி பண்ணிட்டியே.”

அவ்வளவுதான். அதற்கப்புறம் வேலை விஷயம் மட்டும் பேசுவார்கள், அதுவும் சுருக்கமாக. அபூ துஹா என்று ஃபலாஹ் கூப்பிடுவதில்லை, முந்திர் என்றே கூப்பிடுகிறான். முற்றத்தில் யார் எதைச் சொன்னாலும் ஃபலாஹ் இன்னொரு தடவை சொல்லச் சொல்வான், பிறகுதான் கையை நகர்த்துவான். புதிதாக வந்தவர்கள் செவிடன் என்று கேலி செய்வார்கள். முந்திர் மட்டும் சிரிக்க மாட்டான்.

போன ரமலானில் நிலையத்திலேயே நோன்பு திறந்தோம். பருப்புச் சூப்பை ஊற்றிக்கொண்டே வந்த ஃபலாஹ், முந்திர் முன்னாலும் ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டு நகர்ந்தான். முந்திர் அதைக் கையில் எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று. தலை நிமிராமல் குடித்தான். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.