கறுத்த பியர்ப் போத்தல்

என் மனைவி சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போய் ஒரு வருடம் கடந்திருந்தது. எங்கள் வழக்கப்படி நான் இருந்தது நிந்தவூரில் அவளுடைய வீட்டில், மாமியோடு. வேலை பொத்துவிலில், உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதியொன்றில்.

அங்கே வந்த ஜெர்மன்காரர் ஒருவர், தன் ஊரிலிருந்து கொண்டுவந்த கறுத்த பியரைத் திறந்தார். கிளாஸை வெயிலில் பிடித்து நிறம் பார்த்தார். மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்தார். ஒரு மிடறை வாயில் வைத்திருந்து விழுங்கிவிட்டுக் கொப்பியில் ஏதோ எழுதினார். கடும் பியராம், ஆனால் தொண்டையில் மெதுவாக இறங்குமாம். எனக்கும் நீட்டினார். நாங்கள் குடிப்பதில்லை என்றேன். மணந்தாவது பார்க்கச் சொன்னார்.

மணந்தேன். கருகிய அரிசி மா, அதற்குள் அடிப்பிடித்த சர்க்கரைப் பாகு. என் மனைவி மா வறுத்தால் எப்போதும் கருக்கிவிடுவாள். மாமி அதற்காக அவளை ஏசாத நாளில்லை.

வெறும் போத்தலைக் கேட்டு வாங்கி, தக்கையால் அடைத்து, வீட்டில் தலையணைக்கடியில் ஒளித்து வைத்தேன். மறுநாளே மாமி கண்டெடுத்தார்.

"என்ட புள்ள சவூதியில கிடந்து கஷ்டப்படுறாள். நீங்க இஞ்ச குடிக்கிறீங்களா மகன்?"

"குடிக்கல்ல மாமி. மணந்து பாருங்க."

முகத்தைச் சுளித்தபடி தக்கையை எடுத்தவர், போத்தலை நெடுநேரம் மூக்கருகே வைத்திருந்தார்.

"இப்பயும் கருக்கித்தான் வெச்சிருக்காள்" என்றார்.

அதை மா டின்னுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு கிழமையில் வாசம் போய்விட்டது. ஆனாலும் அந்தப் போத்தலைக் கழுவ எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.