திரும்பிப் போகும் எண்ணம்

1994 நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது இருபது. விடாத தூறல். மருந்துக்கடை வாசலில் தொங்கிய வெப்பமானி ஆறு பாகை காட்டியது. அகதி விண்ணப்பத்துக்கான என் விசாரணை ஒன்பதரைக்கு. எனக்கு அப்போது எழுபத்துநான்கு வயது.

மகளும் மருமகனும் பீலெஃபெல்ட்டில் இருந்தார்கள். நான் அங்கிருந்து இருபத்துமூன்று கிலோமீற்றர் தள்ளி, அரசு ஒதுக்கிய விடுதியில், நான்கு கட்டில் போட்ட அறையில் இருந்தேன். விண்ணப்பம் முடியும்வரை அந்த மாவட்டத்தைத் தாண்ட எனக்கு அனுமதி இல்லை. மகள் வீட்டுக்குப் போகும் பஸ் பதினேழு தரிப்புகளில் நிற்கும். ஒன்பதாவதோடு என் எல்லை முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்பதாவது தரிப்பில் இறங்கி நிற்பேன். மகள் மறுபக்கமிருந்து புட்டும் கறியும் கொண்டு வருவாள். தரிப்பின் கண்ணாடிக் கூரைக்குக் கீழே இருந்து சாப்பிடுவேன்.

"ஊரிலை காவல் சென்றி, இங்கை பஸ் தரிப்பு. எங்கை போனாலும் உங்களுக்கு ஒரு பாஸ் வேணும், மாமா" என்பார் மருமகன். எனக்குச் சிரிப்பு வராது.

மகளோடு போய் இருக்க வேண்டும். வேறொன்றும் நான் கேட்கவில்லை. அதற்கு விசாரணை சரியாக நடக்க வேண்டும். முந்திய ஞாயிறு மகள் எனக்குச் சொல்லித் தந்தாள்.

"அப்பா, திரும்பிப் போவீங்களோ எண்டு கேப்பினம். ஏலாது எண்டு மட்டும் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் கதைக்காதேங்கோ."

"ஓம்."

"ஓம் எண்டுதான் சொல்லுவீங்கள். பிறகு அங்கை போய் வழக்குப் பேசுவீங்கள்."

விசாரணை அறையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி. அவருக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். மியூனிக்கிலிருந்து வந்த இந்தியத் தமிழ்ப் பொடியன், கழுத்தில் டை. ஒரு மணி நேரம் ஊர், பயணம், குண்டுவீச்சு என்று போனது. நாற்பத்தோராவது கேள்விக்கு அவன் என் பக்கம் திரும்பினான்.

"ஊருக்குத் திரும்பிப் போற ஐடியா இருக்கா, சார்?"

அந்தக் கேள்வியை எனக்கு ஐம்பத்தைந்து வருடமாகத் தெரியும்.

பத்தொன்பது வயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு பிரக்கிராசியிடம் எழுத்தராகச் சேர்ந்தேன். பிரக்கிராசி என்றால் வழக்கை நடத்திக் கொடுக்கும் சட்டத்தரணி. வெள்ளைக்காரன் காலம். காணி வழக்கு எங்கள் ஊர்க் கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், தொடங்கும். தோற்றவன் கொழும்பு உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல் போவான். அங்கே அனுப்பும் வழக்கேட்டைத் தட்டெழுதுவது என் வேலை. எங்கள் குடும்பச் சொத்துக்குத் தேசவழமை என்று தனிச் சட்டம் இருந்தது. ஒல்லாந்தர் எழுதி வைத்தார்கள். ஆங்கிலேயர் அதைக் கைவிடாமல் வைத்துக்கொண்டார்கள். ஆனால் அது யாழ்ப்பாணத்தில் நிலையாக வாழும் தமிழருக்கு மட்டும். நிலையாக வாழ்ந்தவர் யார்? ஊருக்குப் பாதிப் பேர் மலாயாவிலும் கொழும்பிலும் உத்தியோகம். ஒருவன் செத்துச் சொத்துச் சண்டை வந்தால், அவன் யாழ்ப்பாணத்தவனா இல்லையா என்பதற்குக் கடைசி முடிவு கொழும்பில்தான். முடிவு சொன்னவர்களில் சிலர் பனங்கிழங்கைக் கண்ணால் கண்டிராதவர்கள். உங்களுடைய ஊர் எது, எப்போது திரும்புவீர்கள் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

அவர்கள் தேடியது ஒன்றைத்தான்: அவனுக்குத் திரும்பி வரும் எண்ணம் இருந்ததா? மலாயா ரயில்வேயில் இருபத்தாறு வருடம் வேலை செய்த ஒருவர் அங்கேயே இறந்துபோனார். ஆனால் வருடா வருடம் ஊர் வீட்டு வளவுக்குத் தென்னோலைக் கிடுகு வேலி அடைக்கக் காசு அனுப்பியிருந்தார். வேலி அடைத்தவனே சாட்சி. அவர் யாழ்ப்பாணத்தவராகவே இறந்தார் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இன்னொருவருக்குக் கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் உத்தியோகம். மனைவி செத்து, அவளுடைய சொத்துக்கு வழக்கு வந்தது. குறுக்கு விசாரணையில் எரிச்சல் தாங்காமல், "இனி நான் ஏன் அங்கை போறன்?" என்று கேட்டுவிட்டார். கொழும்பு அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டது. தேசவழமை அவருக்கு இல்லை என்றாயிற்று. சொத்து அவர் நினைக்காத இடத்துக்குப் போனது. அந்த வசனத்தை மூன்று பிரதி தட்டியவன் நான்.

"ஒரு வாய் வெத்திலை போடுற நேரத்திலை பரம்பரையையே வித்துப்போட்டான்" என்று பிரக்கிராசி விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எழுதுகிற மேசைக்கு முன்னால் அந்த வசனத்தை ஒருநாளும் சொல்லக்கூடாது என்று மட்டும் மனதில் பதிந்துபோயிற்று.

"சார்?" என்றான் மொழிபெயர்ப்பாளன்.

"எண்ணம் இருக்கு" என்றேன்.

அவன் பேனாவை வைத்தான். "சார், யோசிச்சு சொல்லுங்க. அப்படியே ட்ரான்ஸ்லேட் பண்ணிடவா?"

"அப்படியே சொல்லுங்கோ தம்பி. வீடு இருக்கு. வேலி அடைக்க ஆள் விட்டிருக்கிறன்."

அவன் சொன்னான். அதிகாரி ஒலிப்பதிவுப் பெட்டியை வாயருகே பிடித்து மெதுவாகப் பேசினார். எனக்கு நல்ல பதில் சொல்லிவிட்ட நிறைவு.

பெப்ரவரியில் மறுப்பு வந்தது. தான் திரும்ப எண்ணியிருப்பதாகவும், வீட்டைப் பராமரித்து வருவதாகவும் விண்ணப்பதாரரே சொல்கிறார் என்று எழுதியிருந்தது. ஒன்பதாவது தரிப்பில் மகள் அதை வாசித்துச் சொன்னாள். அன்றைக்குப் புட்டுக் கொண்டு வரவில்லை.

"வேலியைப் பற்றி உங்களை ஆர் கேட்டது?"

"பிள்ளை, கோட்டிலை அந்தக் கேள்வி வந்தால்…"

"இது எந்தக் கோடு அப்பா? உங்கடை துரைமாரெல்லாம் செத்துப் போச்சினம்!"

"மாமா அப்பீலிலை வெல்லுவார்" என்றார் மருமகன். "என்ன, கொழும்பிலை."

வழக்கறிஞரைப் பிடித்தவரும் அவர்தான். வழக்கறிஞர் அம்மா நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு மருமகன் வழியாகச் சொன்னார்: "இந்தச் சட்டம் உங்களுடைய எண்ணத்தைக் கேட்கவில்லை. போனால் உயிரோடு இருப்பீர்களா என்று கேட்கிறது." நான் நாற்பது நிமிடம் வாதாடினேன். எண்ணத்தைக் கேட்பதில்லை என்றால் அந்தக் கேள்வியை ஏன் கேட்டார்கள்? அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

வழக்குக்கு நாள் வரப் பத்தொன்பது மாதம் சென்றது. எழுபதுக்கு மேற்பட்ட ஞாயிறுகளை அந்தக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே கழித்தேன். இடையில், 1995 கடைசியில், இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணச் சனம் வீடுவாசலை விட்டு ஒரேயடியாக வெளியேறியது. எனக்கு வேலி அடைத்தவனும் குடும்பத்தோடு வன்னிப் பக்கம் போனதாகக் கேள்வி. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

1996 செப்டெம்பரில் நீதிமன்றம். பின்வரிசையில் மகளும் மருமகனும். நீதிபதி, எதிர்பார்த்தபடியே, அதே கேள்வியைக் கேட்டார்.

"எண்ணம் இருக்கு" என்றேன்.

பின்னால் மருமகன் செருமினார். மகள் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

"ஆனால் ஏலாது. போன மாரிக்கு என்ரை வேலி அடைபடேல்லை. அடைக்க ஊரிலை ஒருத்தரும் இல்லை."

மொழிபெயர்ப்பாளர் இந்த முறை எங்கள் ஊர்ப் பெண். அவர் அதைச் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தார். நீதிபதி எழுதினார்.

அகதி என்று ஏற்கவில்லை. இப்போதைக்குத் திருப்பி அனுப்புவதில்லை என்று சொல்லும் டுல்டுங் என்ற தாளைத் தந்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்ட வேண்டும். மகளோடு இருக்கலாம் என்று வழக்கறிஞர் எழுதி வாங்கினார். நான்காம் மாடி, எழுபத்திரண்டு படி. மகளும் மருமகனும் நாலு மணிவரை வேலை. நான் யன்னலோரம் இருப்பேன்.

இப்போது என் எல்லை பீலெஃபெல்ட் நகரம். பஸ்ஸில் ஒன்பதாவது தரிப்பு அதற்கு வெளியே. அந்தக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே போய் நிற்க எனக்கு அனுமதி இல்லை.

வழக்கறிஞருக்கு ஆயிரத்து ஐந்நூறு, பத்துத் தவணையில். வீட்டு உறுதிப் பத்திரத்தை மொழிபெயர்க்க நூறு. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் எண்பத்தாறு மார்க் நாற்பது. எல்லாமாக ஆயிரத்து அறுநூற்று எண்பத்தாறு மார்க், நாற்பது பெனிக்.