மூன்றாம் மாடித் தனி அறை

கவுன்ட்டர் அக்காவைத் தெரியாதவர் அந்த ஆஸ்பத்திரியில் கிடையாது. காப்பீட்டுக் கவுன்ட்டரில் இருபத்தாறு வருடம். காப்பீட்டுக் கம்பெனி எவ்வளவு தரும், நோயாளி தலையில் எவ்வளவு விழும் என்று பில்லைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போய்விட்டது. இந்த மாதக் கடைசியோடு வேலையை விடுவதாக இருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆபரேஷன் முடிந்து அவரை மேலே கொண்டுபோனபோது, மூன்றாம் மாடி நர்ஸ் ஒரு காரியம் செய்தாள்.

"நம்ம அக்கா வீட்டுக்காரரு பொது வார்டுல கெடக்கறதா?"

காலியாயிருந்த தனி அறையில் படுக்க வைத்துவிட்டாள். பாசம்தான், வேறென்ன? அக்காவும் இரண்டு நாள் தூக்கமில்லாத கண்ணோடு அந்த அறையைப் பார்த்தாள். வாடகை வித்தியாசத்தைக் கையிலிருந்து கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பது சும்மாவா?

பாலிசியில் அனுமதித்த வாடகையைப் போல அந்த அறைக்கு இரண்டு மடங்கு. அப்படியானால் கம்பெனி வாடகையில் மட்டும் கை வைக்காது. ஆபரேஷன், டாக்டர் ஃபீஸ் எல்லாவற்றிலும் பாதியை வெட்டிவிடும். எத்தனையோ பேருக்கு அவளே படித்துப் படித்துச் சொன்ன விதி. பில் வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

மேனேஜரிடம் போய் நின்றாள்.

"ஒங்களுக்குத் தெரியாத ரூலாம்மா?" என்றார் அவர். "வாடகையில பத்து பர்சன்ட் தள்ளியிருக்கேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

கம்பெனி பாதியோடு தப்பித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்கு வாடகையில் ஒரு துளிதான் நட்டம். இந்த அழகுக்கு இருபத்தாறு வருட உழைப்பு!

"ஒண்ணு பண்ணுங்க. வேலைய விடாதீங்க. பாக்கிப் பணத்த மூணு வருஷம் சம்பளத்துல பிடிச்சுக்கறோம்."

கையெழுத்துப் போட்டாள். "ரொம்ப நன்றி சார்" என்று வேறு சொல்லித் தொலைத்தாள். வெளியே வந்ததும் அந்த நன்றியை நினைத்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்குப் போகும் வண்டியில் வீட்டுக்காரர் மெதுவாகப் பேசினார். "நல்ல ரூமு. அந்த நர்சுப் பொண்ணுக்கு ஏதாச்சும் வாங்கிக் குடு. மாசம் முடிஞ்சா நீயும் வீட்டுலதான். ரெண்டு பேரும் உக்காந்து பேசிக்கிட்டே இருக்கலாம், என்ன?"

"ஆமாங்க" என்றாள்.

வேறு என்ன சொல்வாள்? அந்த மனுஷன் நெஞ்சில் போட்ட தையல் இன்னும் ஆறவில்லை.