பத்தொன்பதாம் தேதி ஃபைல்

அந்தப் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருப்பதை எல்லோரும் மறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. சர்வரக்கா என்றால்தான் தெரியும். புதிதாகச் சேர்கிறவர்கள் கேன்டீனில் போய்த் தேடிவிட்டு அசடு வழியத் திரும்புவார்கள். அவள் இருப்பதோ இரண்டாம் மாடியில், ஏசி குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு. கீழே எடுக்கிற ரத்தம், சிறுநீர் எல்லாவற்றின் ரிப்போர்ட்டும் அவளுடைய சர்வர் வழியாகத்தான் அவரவர் போனுக்குப் போகும். அவள் வீட்டாருக்கும் இங்கேதான் பரிசோதனை.

தினமும் காலை பதினோரு மணிக்கு அந்த சர்வர் படுத்துவிடும். சாகாது, நகரவும் நகராது. டாக்டர்கள் போனில் காய்ச்சி எடுப்பார்கள். காரணம் யாருக்கும் தெரியாது; அந்த அமளியில் யார் உட்கார்ந்து அளப்பது? அதனால் போன மாதம் ஐந்தாம் தேதி அவள் ஒரு ஏற்பாடு செய்தாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்வர் தன் நிலையைத் தானே அளந்து எழுதிவைக்க வேண்டும். எவ்வளவு வேலை செய்கிறது, எவ்வளவு சும்மா இருக்கிறது, மெமரி எவ்வளவு மிச்சம், டிஸ்க்கில் எவ்வளவு நெரிசல். தேதிக்கு ஒரு ஃபைல். அடுத்த மாதம் அதே தேதி வந்தால் பழையதன் மேலேயே புதியது எழுதப்பட்டுவிடும். யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கும்.

அதே மாதம் பத்தொன்பதாம் தேதி அப்பா போய்விட்டார்.

அன்று பதினொன்று இருபதுக்குத் தங்கை கூப்பிட்டாள். இவள் எடுக்கவில்லை. "சர்வர் படுத்துடுச்சு, அப்புறம் பேசறேன்" என்று ஒரு செய்தி தட்டிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள். இவள் திருப்பிக் கூப்பிட்டபோது மணி ஒன்று. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். "உன் வேலை அப்படி, நீ என்னடி பண்ணுவே?" என்றாள் அத்தை. தங்கையும் பக்கத்தில் நின்று, "ஆமா அத்தை, அக்காவுக்கு அந்த நேரம் மூச்சு விட முடியாது" என்றாள். இவளுக்கு அழுகை வரவில்லை. தொண்டையை அடைக்கும், நெஞ்சு வெடிக்கும் என்பார்களே, ஒன்றுமில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் நம்முடையதுதானா என்று தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. நான்காம் நாள் வேலைக்கு வந்துவிட்டாள்.

இந்த மாதம் பதினேழாம் தேதி மேலாளர் கணக்கைக் கேட்டார். ஃபைல்களைத் திறந்து, பதினோரு மணி வரிகளை மட்டும் பிரித்து ஒரே தாளில் கொடுத்தாள். எல்லா நாளும் ஒரே கதை. எந்தப் புண்ணியவானோ எல்லா ரிப்போர்ட்டையும் நகலெடுத்து வைக்கிற பேக்கப் வேலையைப் பட்டப்பகல் பதினொன்றுக்குப் போட்டு வைத்திருக்கிறான்; அது ஓடும்போது டிஸ்க் திணறுகிறது. ஒரே ஒரு நாள் மட்டும் பேக்கப் ஓடவில்லை.

மேலாளர் அந்த வரியில் விரலை வைத்தார். "மேடம், இந்தப் பத்தொன்பதைப் பாருங்க. பேக்கப் ஓடல, சர்வர் ஜம்முனு இருக்கு. இதைவிட என்ன சாட்சி வேணும்? இந்த ஃபைல் அழியாம எடுத்து வைங்க."

பதினொன்று இருபது. சும்மா இருந்தது தொண்ணூற்றாறு சதவீதம்.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்று ஒரு டாக்டரும் கூப்பிடவில்லை. அவள் டீ குடித்துக்கொண்டிருந்தாள். திரையில் தங்கையின் பெயரைப் பார்த்ததும், அப்பா சாப்பிட மாட்டேங்கிறார், மாத்திரையைத் துப்புகிறார் என்று மறுபடியும் அதே பாட்டா என்று சலிப்பாக இருந்தது. தினமும் படுக்கிற சர்வர்தானே, பழியை அதன் தலையில் போட்டாள். பொய் சொன்னதைக்கூட விட்டுவிடலாம். சொல்லிச் சொல்லித் தானே அதை நம்பிவிட்டாளே, அதுதான் கொடுமை.

இரண்டு நாள் பேசாமல் இருந்தால் போதும், புதிய பத்தொன்பது பழையதைத் தின்றுவிடும். மேலாளரிடம் மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். மதியம் வரை இதே யோசனை. பிறகு அந்த ஃபைலை வேறு இடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு, மாடிப்படியில் போய் உட்கார்ந்து தங்கையைக் கூப்பிட்டாள்.

"என்னக்கா, சாப்பிட்டியா?"

"அன்னைக்கு சர்வர் படுக்கலடி. நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் போனை எடுக்கல."

அந்தப் பக்கம் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

"தெரியும்க்கா."

"எப்படித் தெரியும்?"

"முந்தின நாள் அப்பாவுக்கு ரத்தம் எடுத்தோம்ல, அந்த ரிப்போர்ட் பதினொன்னு பதினஞ்சுக்கு என் போனுக்கு வந்துச்சு. உங்க சர்வர்ல இருந்துதானே வரும்? பொட்டாசியம்னு ஒரு வரி சிவப்பா இருந்துச்சு. அது என்னன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

பொட்டாசியம் எகிறினால் இதயமே நின்றுவிடும் என்பது இத்தனை வருடம் ரிப்போர்ட் அனுப்பியவளுக்குத் தெரியும். இவள் படியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்புறம் ஏன்டி அத்தைகிட்ட ஆமான்னு சொன்னே?"

"நீ மரம் மாதிரி நின்னுட்டு இருந்தே. அதையும் போட்டு உடைச்சா நீ என்ன ஆவியோன்னு பயமா இருந்துச்சு." பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கிற சத்தம் கேட்டது. "கோபம் இல்லாம இல்லக்கா. இப்பவும் இருக்கு. இனிமே நான் கூப்பிட்டா எடு."

"எடுக்கறேன்" என்றாள்.

போனை வைத்த பிறகு கன்னம் ஈரமாக இருந்தது. தொட்டுப் பார்த்தாள். தன்னுடையதுதான்.