பாறசாலையில் கிரேஸ் திறந்த கதவு

பாறசாலைக்கு எப்படிப் போவது என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். வழியைக் கடைசியில் சொல்கிறேன். நான் முதலில் போனது எல்லைப் போராட்டக் காலத்தில். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே இருந்த தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கக் கேட்ட நாட்கள். என்னோடு கல்லூரியில் தத்துவம் படித்த கிரேஸின் வீட்டில் ஏதோ விபரீதம் என்று கேள்விப்பட்டுப் புறப்பட்டேன்.

திருவனந்தபுரத்திலிருந்து பதினெட்டு மைல். பஸ் நெய்யாற்றின்கரையோடு நின்றுவிட்டது. "அங்கோட்டு போவாது சேச்சி. ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டிருக்கு" என்றார் கண்டக்டர். மீதி ஏழு மைலை உள்வழியாக மாட்டுவண்டியில் போனேன். வண்டிக்காரர் வாயே திறக்கவில்லை. என்னிடம் தமிழ் பேசுவதா மலையாளம் பேசுவதா என்று பயந்திருப்பார். அப்போது அதுவும் ஒரு கட்சி சேர்வதுதான்.

கிரேஸ் பள்ளிக்கூட ஆசிரியை. சர்ச்சுக்குப் பின்னால் வீடு. என்னைக் கண்டதும் "வந்தியா மக்கா" என்றாள், அவ்வளவுதான். மெலிந்திருந்தாள். நடந்ததை அடுக்களையில் வைத்து மெதுவாகச் சொன்னாள்.

ஊர்வலத்தில் கல் விழுந்து தலை உடைந்த போலீஸ்காரர் ஒருவர் அவள் வாசலில் வந்து விழுந்தார். கதவைத் திறந்து உள்ளே இழுத்துவிட்டாள். விரட்டி வந்த கூட்டம் கேட்டதற்கு, இங்கே யாரும் இல்லை என்றாள். கூட்டத்தில் அவள் அண்ணனும் நின்றான். தங்கை சொன்னதை நம்பித் திரும்பிப் போனான்.

பிழைத்த போலீஸ்காரரிடம் கல் எறிந்தது யார் என்று மேலதிகாரிகள் கேட்டார்கள். அவர் கண்டதைச் சொன்னார். எறிந்தது அவள் அண்ணன். லாக்கப்பில் விழுந்த அடியில் அவனுக்கு முதுகெலும்பு போயிற்று. பிறகு அந்தப் போலீஸ்காரர் வீடு தேடி வந்து வாசலில் நின்று அழுதாராம். "கள்ளம் பறயான் பற்றியில்ல சேச்சி." பொய் சொல்ல முடியவில்லை என்று.

"நான் பொய் சொல்லி ஒருத்தன காப்பாத்துனேன். அவன் உண்மய சொல்லி எனக்க அண்ணன கெடுத்தான். இதுல தப்பு ஆருக்கு மக்கா?"

நல்லது செய்கிறவனே சந்தோஷமானவன் என்று நாங்கள் இருவரும் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தோம்.

கஞ்சி எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். படுக்கையில் கிடந்த அண்ணன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மா வந்து கிண்ணத்தை வாங்கிய பிறகுதான் வாய் திறந்தான்.

கிளம்பும்போது, இன்னொருவன் அப்படி வந்து விழுந்தால் என்ன செய்வாய் என்று கேட்டுவிட்டேன்.

"திறப்பேன். அதாக்கும் எனக்குப் பயம்" என்றாள்.

எல்லை பிரித்தபோது பாறசாலை கேரளத்திலேயே தங்கிவிட்டது. அண்ணன் அதைப் பார்க்கவில்லை. கிரேஸ் கல்யாணம் செய்துகொள்ளாமல் அதே பள்ளியில் வேலை பார்த்து அங்கேயே இறந்தாள். அவள் செய்தது சரி என்று இன்றும் நினைக்கிறேன். அதனால் அவளுக்கு எந்த நன்மையும் வரவில்லை என்பதும் உண்மை.

இப்போது திருவனந்தபுரத்திலிருந்து பாறசாலைக்கு ரயில் உண்டு, பஸ்ஸும் நிறைய உண்டு. வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். சர்ச் கல்லறைத் தோட்டத்தில் அவள் குடும்பத்தார் எல்லோரும் ஒரே வரிசையில் இருக்கிறார்கள். கிழக்கு மதிலை ஒட்டித் தனியாக இருப்பது கிரேஸ். தன் பக்கத்தில் அவளைப் புதைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணன் செத்தான்.