ஆண் புழு, பெண் புழு, கனகா

விடிந்ததும் கனகா பால் சொம்பைத் தொடமாட்டாள். புறங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, செவலைப் பசுவின் இடது மூக்கருகே வைத்து நிற்பாள். அப்புறம் வலது மூக்கு. உள்ளங்கையை வைப்பதில்லை, காய்த்துப்போன கைக்குக் காற்று தெரியாதாம். இரண்டு பக்கமும் சூடாக மூச்சு வந்தால் மடியருகே உட்காருவாள். ஒரு பக்கம் அடைத்திருந்தால், மாட்டின் நெற்றியைக் கொஞ்ச நேரம் தடவிக்கொடுத்துவிட்டுத்தான் கறப்பாள்.

செவலைக்குக் குறட்டை நோய். தெருமுனை வரை கேட்கும்.

கனகா பிறந்த ஊரான மாகறலில் அவள் அப்பா கல்யாணச் சீராகக் கொடுத்த கன்று அது. ஏரிக்கரைத் தெருவில் எங்கள் எதிர்வீடு அவளுடைய வீடு. அவளுடையது என்று நான் எழுதுகிறேன். மாமியார் சொக்கம்மாள் ஒத்துக்கொள்ள மாட்டாள். “மாகறலான் குட்த்த மாடும் சீக்கு, பொண்ணும் மலடு” என்பாள், அந்த மாட்டுப் பாலில் போட்ட காபியை ஆற்றிக்கொண்டே. களை எடுக்க, சாணி அள்ள, நெல் மூட்டைக்குத் தோள் கொடுக்க எல்லாம் கனகாவின் உடம்பு ஆகும். பிள்ளை இல்லை என்றதும் மட்டும் அது ஆகாத உடம்பு.

மாட்டையும் அவளையும் ஒரே வண்டியில் மாகறலுக்குத் திருப்பி அனுப்புவதென்று முடிவு செய்தார்கள். மகன் வினோத்குமாருக்கு வேறு பெண் பார்க்க வேண்டுமே. அவன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்தத் தேய்ப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

வண்டி வரவேண்டிய வெள்ளிக்கிழமை காலையில்தான் பரிமளா மேடம் வந்தார். கால்நடைப் புழுக்களை ஆராய்கிறவர். அவருக்குப் பெட்டி தூக்குவதும் ஏரியில் நத்தை பொறுக்குவதும் என் வேலை. செவலையைப் பற்றி நான்தான் சொல்லியிருந்தேன். மூக்குச் சளியைக் குழாயில் எடுத்துக்கொண்டே மேடம் சொன்னார்:

“இது பிறவியில வர்றதில்லம்மா. ஏரியில நத்தை இருக்கு பாருங்க, அதுலேர்ந்து வர்ற புழு. மூக்கு ரத்தக்குழாய்ல குடியிருக்கும்.”

“அந்தப் புழுவ வெச்சிக்கினு இன்னா மேடம் பண்ணுவீங்க?” என்றாள் கனகா.

“கசாப்புக் கடையில வெட்டின மாட்டு மூக்குலேர்ந்து எடுத்துட்டுப் போய் ஆண் வேற, பெண் வேறன்னு பிரிப்போம். ஆண் உடம்புல ஒரு பள்ளம் இருக்கும். பெண் அதுக்குள்ளேயே வாழும். ஆண் சேரலன்னா பெண் முழுசா வளராது, முட்டையும் வைக்காது.”

“த்தூ! புழுவுக்குக்கூட சாந்தி முகூர்த்தமா?” என்றாள் சொக்கம்மாள்.

மேடமும் சிரித்துவிட்டார். “ரெண்டு உடம்புலயும் மைக்ரோ ஆர்.என்.ஏன்னு பொடிப்பொடித் துண்டுங்க இருக்கும்மா. எந்த ஜீன் வேலை செய்யணும், எது அடங்கிக் கெடக்கணும்னு அதுங்க பாத்துக்கும். அது ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு ஒரு மாதிரி. எது எவ்ளோன்னு பாக்கறதுதான் எங்க வேலை.”

“பொம்பள புழுவ மட்டும் பாத்தா ஆவாதா?” என்றாள் கனகா.

“எப்படி ஆகும்? முட்டை ஏன் வரலன்னு தெரியணும்னா ரெண்டையும் பாக்கணும். ஒண்ண மட்டும் பாத்து எழுதினா, என் கட்டுரையைத் தூக்கிக் குப்பையில போட்டுடுவாங்க.”

கனகா மாட்டின் மூக்கிலிருந்து கையை எடுத்தாள். வாசலில் செல்போனோடு நின்ற கணவன் பக்கம் திரும்பினாள். அதுவரை அவனை ‘நீங்க’ என்றே கூப்பிட்டவள்.

“கேட்டுக்கினியா? புழுவுக்குக் கீற நாயம் எனுக்கு இல்லியா? காஞ்சீவரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் என்ன மட்டும் எத்தினி வாட்டி இட்டுக்கினு போன? எனுக்கு ஒண்ணுமில்லன்னுதானே எல்லா டாக்டரும் சொன்னாங்க? உன்ன ஒரு வாட்டி யாருனா பாத்தாங்களா?”

“ஆம்பளையப் போயி டெஸ்ட் எடுக்கச் சொல்றா பாரு! எம்புள்ள சிங்கம்டி!”

“சிங்கத்துக்கும் பாக்கலாம் அத்த. மேடம் மிருக டாக்டருதான்.”

வாசலில் ஹாரன் அடித்தது. இருசப்பன் தன் குட்டியானை வண்டியைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தி, மாடு ஏறப் பலகையைச் சாய்த்தார். கனகா செவலையின் கயிற்றில் இன்னொரு முடிச்சு போட்டாள்.

“இவுரு மொதல்ல டெஸ்ட் எட்த்துக்கினு வரட்டும். எந்த மாட்ட ஏத்தறதுன்னு அப்பறம் பாக்கலாம்.”

இருசப்பன் பலகையை மடக்கினார். வண்டி காலியாகத் திரும்பியது.

மேடம் கொடுத்தனுப்பிய மருந்தில் செவலையின் குறட்டை குறைந்திருக்கிறது. கனகா அந்த வீட்டில்தான் இருக்கிறாள். மலடி என்ற சொல்லும் அங்கேதான் இருக்கிறது. வினோத்குமார் இன்னும் டெஸ்டுக்குப் போகவில்லை. வேலை இருக்கிறதாம்! ஒரு மாட்டுப் புழுவின் ஆணையும் பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணாடி வழியே பார்க்கிற காலத்தில், எங்கள் தெருவில் ஒரு ஆணை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கூட்டிப்போக ஒரு நாதியில்லை. எல்லோரும் கனகாவுக்குத்தான் வாய் நீளம் என்கிறார்கள்.

பல நாள் கழித்து டீக்கடையில் இருசப்பன்தான் சொன்னார். கனகா அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே சொக்கம்மாளின் தொழுவத்தில் குறட்டை விடுகிற மாடு ஒன்று இருந்தது. சத்தம் தெரியாமலிருக்க மூக்கில் எண்ணெய் விட்டு, இதே குட்டியானையில் ஏற்றிப்போய், பெருநகர் பக்கம் ஒருவர் தலையில் கட்டினார்கள். அந்தக் காசில்தான் கனகாவுக்குத் தாலி செய்தார்கள்.