கிழிசல் காதுக்காரியின் மூக்கு

கரடி பார்க்க வரும் ஆட்களைக் கட்டி மேய்ப்பதற்குப் பதில் கரடிகளையே மேய்த்துவிடலாம் என்பது ஃபெக்லாவின் தீர்மானம். ஆனால் அதைச் சொல்லும்போதும் 'கரடி' என்ற சொல் அவள் வாயிலிருந்து வராது. 'பெரியவங்க' என்றுதான் சொல்வாள். அவளுடைய சனங்கள், அந்த வடகோடிக் கடற்கரையின் ஆதிகுடிகள், அப்படித்தான். எத்தனை தூரத்தில் நின்று பேசினாலும் அவற்றின் காதில் விழும், கேலி பேசினால் மனதில் வைத்துக்கொள்ளும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள்.

கோடியாக் தீவில் ஒரு மீன் ஆலையில் மீனுக்குத் தலை வெட்டிக்கொண்டிருந்தவள் அவள். ஆலை மூடியதும், தீவையும் பெருநிலத்தையும் பிரிக்கும் நீரிணையின் அக்கரைக்கு வந்தாள். வெளியூர் ஆட்களைக் கடலோரக் கூடாரங்களில் தங்கவைத்து, பெரியவங்களைக் காட்டி, முழு உடம்போடு திருப்பி அனுப்பும் வேலை. வந்த முதல் கோடையிலேயே ஒரு கரடி அவள் கண்ணில் பட்டது. தாயைப் பிரிந்து தனியாகத் திரிந்த குமரி. ஒரு காது கிழிந்து தொங்கியது. இப்போது அந்தக் கிழிசல் காதுக்காரியே பிள்ளைக்காரி. இரண்டு குட்டிகள் அவள் பின்னால் சேற்றில் புரண்டுகொண்டு திரிகின்றன.

இந்தக் கோடையில் ஃபெக்லாவைத் தூங்கவிடாமல் செய்தவளும் இந்தக் காதுக்காரிதான். சிப்பி தோண்டிக்கொண்டிருக்க வேண்டியவள், நேற்றிலிருந்து கூடாரங்கள் பக்கம் வந்து மூக்கைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறாள். அப்படியென்றால் ஏதோ வாசனை வருகிறது. மனிதச் சாப்பாட்டை ஒரு தரம் ருசி பார்த்த கரடி அப்புறம் கூடாரத்தைத்தான் தேடி வரும். அதற்கு மேல் துப்பாக்கிதான். பக்கத்து விரிகுடாவில் போன கோடை அப்படித்தான் ஆயிற்று. எவனோ தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கிய பன்றிக்கறிப் பொட்டலத்துக்காக ஒரு தாயைச் சுட்டார்கள். அதன் குட்டிகள் என்ன ஆயின என்று யாருக்கும் தெரியாது.

அதனால்தான் காலையிலேயே, கொட்டுகிற மழையில், ஃபெக்லா எல்லாரையும் கூடாரத்துக்கு வெளியே நிறுத்திவைத்து மூட்டைகளைக் குடைந்துகொண்டிருந்தாள்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? திங்கறது, தேய்க்கிறது, பூசறது எதுவும் கூடாரத்துல இருக்கக் கூடாது. எல்லாம் வாசனை வெளிய வராத அந்தப் பீப்பாய்க்குள்ள போகணும். சொன்னேனா?"

"சொன்னீங்க, சொன்னீங்க" என்றார் வந்திருந்தவர்களில் ஒருவரான கில்ராய். கேமராவைக் குழந்தை மாதிரி மழைச்சட்டைக்குள் அணைத்துக்கொண்டு நின்றவர், சட்டென்று கையை நீட்டிக் கூவினார்: "அதோ கரடி! கரடி!"

"ஐயா சாமி, கத்தாதீங்க! அந்தப் பேரையும் சொல்லாதீங்க! உங்க வீட்டுக்கு ஒருத்தர் வந்தா 'அதோ மனுசன், மனுசன்'னா கத்துவீங்க?"

அவருடைய பையில் ஒன்றும் இல்லை. டார்லீனின் பையை உதறியபோது ரோஜா வாசனைக் களிம்பு டப்பி ஒன்று உருண்டு விழுந்தது. டார்லீன் நெப்ராஸ்காவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். அதட்டுவதில் ஃபெக்லாவுக்குக் குறைந்தவள் இல்லை.

"இதுதானா? தாயே, இதுதானா?" என்று டப்பியைத் தூக்கிக் காட்டினாள் ஃபெக்லா. "உங்க மூஞ்சி மினுமினுக்கணும்னு அங்க ரெண்டு குட்டி அநாதையாகணுமா?"

டார்லீனின் முகம் சிவந்துவிட்டது. "மூடி கூடத் திறக்கலைங்க. ஒட்டின காகிதம் அப்படியே இருக்கு, பாருங்க. எங்கம்மாகூட என் பையை இப்படி நடுத்தெருவுல உதறினதில்ல."

"உங்கம்மா உதறியிருந்தா இன்னிக்கு நான் உதற வேண்டியிருக்காது."

களிம்பு, பல் பசை, கில்ராயின் மீசை மெழுகு எல்லாம் பீப்பாய்க்குப் போயின. சமையல் இடம் கூடாரங்களிலிருந்து நல்ல தூரத்தில் இருந்தது, பீப்பாயும் அங்கேதான். வைத்துவிட்டுத் திரும்பி வந்து, கரடி நுழையாமல் கூடாரங்களைச் சுற்றிக் கட்டிய மின்வேலிக் கம்பிக்குள் ஃபெக்லா காலை வைத்தாளோ இல்லையோ, கிழிசல் காதுக்காரி புல்வெளியைத் தாண்டி நேராக வந்துகொண்டிருந்தாள். குட்டிகள் பின்னால் துள்ளின.

"எல்லாரும் என் பின்னால சேர்ந்து நில்லுங்க. ஓடாதீங்க. பேசாதீங்க" என்றாள். பிறகு குரலை இறக்கி, "வாங்க பெரியம்மா. இங்க உங்களுக்கு ஒண்ணுமில்ல. பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு சிப்பிக்குப் போங்க. தண்ணி ஏறப்போகுது" என்று கெஞ்சினாள்.

கரடி நின்றது. மூக்கு மட்டும் ஆடியது. ஃபெக்லா கம்பியோரமாக வலப்பக்கம் நகர்ந்தாள். மூக்கும் வலப்பக்கம் வந்தது. இடப்பக்கம் நகர்ந்தாள். மூக்கும் இடப்பக்கம்.

"ஏங்க ஃபெக்லா," டார்லீன் முணுமுணுத்தாள், "அவங்க கூடாரத்தைப் பார்க்கலை. உங்களைத்தான் பார்க்கறாங்க."

"சும்மா இருங்க."

"உங்க கோட்டைப் பார்க்கறாங்க."

ஃபெக்லா கையைக் கோட்டின் மேல் வைத்துத் தடவினாள். உள்துணி கிழிந்திருந்ததென்று இந்த வசந்தத்தில் அவள் புருஷன் இன்னொகென்டி தைத்துக் கொடுத்த கோட்டு அது; மழை வந்ததென்று நேற்றுத்தான் வெளியே எடுத்துப் போட்டிருந்தாள். தையல் எருமை நடந்த மாதிரி கோணல்மாணலாக இருக்கிறதென்று அவள் சிரித்திருக்கிறாள். அந்தக் கோணல் தையலுக்கு அடியில் இப்போது பலகை மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. பல்லால் நூலைக் கடித்து இழுத்தாள். மெழுகுத்தாள். தாளுக்குள் புகையில் வாட்டிய சால்மன் மீன், மீனெண்ணெய் வடிய வடிய.

வீசி எறிந்தால் அது கரடிக்குத்தான் விருந்து. பீப்பாய்க்குக் கொண்டுபோகலாமென்றால் வழியில் நிற்பதே அந்தக் காதுக்காரிதான். கீழே போட்டுப் புதைக்க நேரமில்லை.

ஃபெக்லா தின்ன ஆரம்பித்தாள்.

கன்னம் இரண்டும் உப்ப, கண்ணில் நீர் முட்ட, மென்றும் மெல்லாமலும் விழுங்கினாள். எதிரே கிழிசல் காதுக்காரி தலையைச் சாய்த்துக்கொண்டு அந்தக் காட்சியைப் பார்த்தாள். இன்னும் ஒரு எட்டு முன்னால் வைத்தாள். மூக்கை நீட்டினாள். மூக்கு நுனி கம்பியில் பட்டது. 'வூஃப்' என்று ஒரு சத்தம். உடம்பு முழுக்கச் சிலிர்த்துத் திரும்பி ஓடினாள். புல்வெளி கடந்து, சேறு கடந்து, ஓடை வாய் வரைக்கும் ஓடி, குட்டிகள் வந்து சேர்ந்த பிறகுதான் நின்றாள். வாய்க்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மூக்கில் சுருக்கென்று பட்டதுதான் மிச்சம்.

"ருசியா இருந்துச்சா?" என்று கேட்டார் கில்ராய்.

ஃபெக்லா கையை மட்டும் ஆட்டினாள். வாய் இன்னும் நிறைந்திருந்தது.

விழுங்கி முடித்ததும் கோட்டைக் கழற்றினாள். மீனெண்ணெய் நாறும் கோட்டுக்கும் பீப்பாய்தான் இடம். கையில் ஒட்டியிருந்ததைக் கடலோரத்தில் மணல் போட்டுத் தேய்த்தாள், வாயைக் கடல் தண்ணீரால் கொப்பளித்துத் துப்பினாள். மெல்லிய சட்டையோடு மழையில் நடுங்கிக்கொண்டு திரும்பினாள். டார்லீன் பையிலிருந்து ஒரு மழைச்சட்டையை எடுத்து நீட்டினாள். பளீரென்ற ரோஸ் நிறம்.

"போட்டுக்கங்க. வாசனை எதுவும் இருக்காது. எல்லாத்தையும்தான் பிடுங்கிக்கிட்டீங்களே."

ஃபெக்லா வாங்கிப் போட்டுக்கொண்டாள். கை குட்டையாக இருந்தது. "டப்பியை மூடித்தான் வெச்சிருந்தீங்க" என்றாள். "நான் உதறினது தப்புத்தான்."

"உங்க வீட்டுக்காரரையும் இப்படி நடுத்தெருவுல வெச்சு உதறுங்க. பார்க்கணும்."

சாயங்காலம் ஊரோடு பேசும் ரேடியோவில் இன்னொகென்டி கிடைத்தார்.

"யோவ், என் கோட்டுக்குள்ள என்னய்யா வெச்சுத் தெச்ச?"

"பார்த்துட்டியா? நீ அங்க போனா ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டுட்டு, நீ மட்டும் பட்டினி கிடந்து எலும்பா வர்ற. அதான் வெச்சேன்."

"அதை நான் பார்க்கலை. பெரியம்மா பார்த்தாங்க! இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா அவங்க உயிர் போயிருக்கும், தெரியுமா? குட்டிங்க தெருவுல நின்னிருக்கும்!"

இன்னொகென்டிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவரும் அந்தச் சனம்தானே. "ஐயையோ" என்றார். பிறகு மெதுவாக, "அப்ப மீன் என்ன ஆச்சு?"

"நான் தின்னுட்டேன்."

"முழுசாவா?"

"முழுசா."

"நல்லதாப் போச்சு" என்றார் இன்னொகென்டி. "அதுக்குத்தானே வெச்சேன்."

ஃபெக்லா ரேடியோவைப் படக்கென்று அணைத்தாள். ரோஸ் மழைச்சட்டையில் கையைக் கட்டிக்கொண்டு, சேற்றில் முழங்கை வரை கையை விட்டுச் சிப்பி தோண்டிக்கொண்டிருந்த கிழிசல் காதுக்காரியைப் பார்த்தாள். "நீங்களாவது சொல்லுங்க பெரியம்மா," என்றாள், "இந்த ஆளை என்ன பண்றது?"